காவிரி வடிநிலத்தில் சமூக வானொலி

காவிரி வடிநிலத்தில் சமூக வானொலி என்பது தமிழ்நாட்டின் நெற்களஞ்சியமாகக் கருதப்படும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும், அவற்றை ஒட்டிய திருச்சிராப்பள்ளிப் பகுதியிலும் ஊரக மக்களுக்காகவும் அவர்களது பங்கேற்புடனும் நடைபெற்ற வானொலி முயற்சிகளைக் குறிக்கும். இவ்வரலாற்றில் இரு கட்டங்கள் உள்ளன. முதலாவது, 1960களில் அரசு வானொலி உழவர்களை நோக்கிப் பேசிய கட்டம். "ரேடியோ நெல்" என்னும் பெயர் வழக்குக்கு வந்தது இக்கட்டத்திலேயே. இரண்டாவது, 2000களுக்குப் பின்னர் கல்வி நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் சிறு பண்பலை நிலையங்களில் உழவுத் தொழிலாளர், மீனவர், பெண்கள் ஆகியோர் தாமே பேசத் தொடங்கிய கட்டம். வேளாண் செய்தியைப் பரப்புவதில் முதற்கட்டம் பெருவெற்றி பெற்றது. ஆயினும் நிலமற்றோரின் குரல் ஒலிபரப்பில் இடம்பெறுவதற்கு இரண்டாம் கட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சொற்பொருள்

வானொலி ஒலிபரப்பு பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றது. அரசின் அல்லது பொது நிறுவனத்தின் வானொலி முதல் வகை. இலாப நோக்குடைய தனியார் வானொலி இரண்டாவது. ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தின் மக்களுக்காக, அவர்களது பங்கேற்புடன், இலாப நோக்கின்றி நடத்தப்படும் வானொலி மூன்றாவது. இம்மூன்றாம் வகையே சமூக வானொலி அல்லது சமுதாய வானொலி எனப்படுகின்றது. தமிழில் இவ்விரு சொற்களும் வழக்கில் உள்ளன. குறைந்த ஆற்றலுடைய பரப்பி, சிறிய எல்லை, வட்டார வழக்கிலான பேச்சு ஆகியவை இதன் பொதுவான இயல்புகள். எனினும் பரப்பியின் அளவைக் காட்டிலும் நிகழ்ச்சியை யார் முடிவு செய்கின்றனர் என்பதே இதனைப் பிற வானொலிகளிலிருந்து வேறுபடுத்துகின்றது.

பின்னணி: நிலமும் உழைப்பும்

வடிநிலத்தின் வேளாண்மை காவிரி நீரை நம்பியது. மேட்டூர் அணை 1934 இல் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து பாசனத்திற்கு நீர் திறக்கப்படும் வழக்கமான நாள் சூன் 12 ஆகும். குறுவை, சம்பா, தாளடி என்னும் மூன்று நெற்பருவங்களும் நீர்வரத்தைப் பொறுத்தே அமைகின்றன. கல்லணைக்கு அருகிலுள்ள ஊர்கள் முதலில் நீர் பெறுகின்றன. வாய்க்கால்களின் இறுதியில் உள்ள நாகப்பட்டினம், வேதாரண்யம் முதலிய கடைமடைப் பகுதிகள் தாமதமாகவே நீர் பெறுகின்றன. எனவே நீர் எப்பொழுது வரும் என்னும் செய்தி இங்கு எல்லாருக்கும் தேவையான ஒன்றாகும். நாற்று விடும் நாளை நில உடைமையாளர் அதைக் கொண்டே முடிவு செய்கின்றார். அவ்வாண்டு எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பதை உழவுத் தொழிலாளர் அதைக் கொண்டே கணிக்கின்றார்.

அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கியிருந்தது. நாகப்பட்டினம் 1991 இலும், திருவாரூர் 1997 இலும் தனி மாவட்டங்களாயின. மயிலாடுதுறை 2020 இல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இம்மாவட்டத்தின் பெரும் நிலங்கள் மிராசுதார்கள், கோயில்கள், மடங்கள் ஆகியோர் வசம் இருந்தன. வயலில் உழைத்தோரில் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பண்ணையாட்களும் கூலித் தொழிலாளரும் ஆவர். 1940களில் பி. சீனிவாசராவ் உள்ளிட்ட பொதுவுடைமைக் கட்சியினர் இவர்களைச் சங்கமாகத் திரட்டினர். சவுக்கடி, சாணிப்பால் புகட்டல் ஆகிய தண்டனைகளுக்கு எதிரான போராட்டங்கள் அக்காலத்தில் நிகழ்ந்தன. 1952 இல் குத்தகைதாரரையும் பண்ணையாட்களையும் பாதுகாக்கும் தனிச் சட்டம் தஞ்சாவூர் மாவட்டத்திற்கென இயற்றப்பட்டது.

இச்சமூக அமைப்பை ஆய்வாளர் பலர் ஆராய்ந்துள்ளனர். ஆந்த்ரே பெத்தேய், கேத்லீன் கஃப் ஆகிய மானிடவியலாளர்கள் தஞ்சாவூர்ச் சிற்றூர்களில் தங்கி எழுதிய நூல்கள் பரவலாக அறியப்பட்டவை. நிலவுடைமை, சாதி, குடியிருப்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருந்ததை அவை காட்டுகின்றன. ஊர் ஓரிடத்திலும் சேரி வேறோரிடத்திலும் அமைந்திருந்த இந்நிலை, பின்னர் வானொலி வந்தபோது அது யாரைச் சென்றடைந்தது என்பதிலும் பங்கு வகித்தது.

வானொலிக்கு முன்: தண்டோரா

வானொலிக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்னர் ஊரில் பொதுச் செய்திகளை அறிவிக்கத் தண்டோரா முறை பயன்பட்டது. வரி கட்டும் நாள், ஏலம், ஊர்க்கூட்டம், நீர் திறப்பு போன்றவை பறையறைந்து அறிவிக்கப்பட்டன. இப்பணி பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்டிருந்தது. ஊர் முழுவதும் கேட்கும் குரல் அவர்களுடையது. ஆனால் அக்குரல் சுமந்த செய்தி அதிகாரத்தில் இருந்தோருடையது. பறையறைபவர் தம் கூலி பற்றியோ குடிமனை பற்றியோ அவ்வழியே அறிவிக்க இயலாது. 2022 ஆகத்து மாதத்தில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் தண்டோரா முறையைக் கைவிட்டு, ஒலிபெருக்கி வழியாக அறிவிப்புகளைச் செய்யுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தினார்.

அரசு வானொலியும் ரேடியோ நெல்லும்

அகில இந்திய வானொலியின் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது. வடிநில மக்கள் பெரிதும் கேட்டது இந்நிலையத்தின் ஒலிபரப்பையே. விடுதலைக்குப் பின்னர் ஊராட்சிகளுக்குப் பொது வானொலிப் பெட்டிகள் வழங்கப்பட்டன. ஊராட்சி அலுவலகத்திலோ பூங்காவிலோ வைக்கப்பட்ட பெட்டியைச் சுற்றி மாலை வேளைகளில் மக்கள் கூடிக் கேட்டனர்.

இக்காலத்தில் ஊரக வானொலி மன்றம் என்னும் முறை இந்தியாவில் சோதிக்கப்பட்டது. கனடா நாட்டில் 1941 இல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றத்தைப் பின்பற்றி, யுனெசுக்கோவின் துணையுடன் 1956 இல் புனே வட்டாரத்தில் 150 சிற்றூர்களில் இம்முயற்சி நடைபெற்றது. மன்ற உறுப்பினர்கள் ஒன்றாகக் கேட்டு, கலந்து பேசி, தம் ஐயங்களை நிலையத்திற்கு எழுதி அனுப்பினர். பின்னர் இம்முறை நாட்டின் பிற பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

1960 இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கடன், பயிற்சி ஆகியவற்றை ஒருங்கே வழங்கி விளைச்சலைப் பெருக்குவது இத்திட்டத்தின் நோக்கம். 1922 இல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960களின் நடுவில் ஏ.டி.டி. 27 என்னும் நெல் வகையை வெளியிட்டது. இந்திய நெல்லையும் சப்பானிய நெல்லையும் கலந்து உருவாக்கப்பட்ட இவ்வகை சுமார் 105 நாட்களில் விளைவது. ஆகவே குறுவைப் பருவத்திற்கு ஏற்றதாக இருந்தது. குறுவையை விரைந்து அறுவடை செய்தால் தாளடிக்கு நிலம் கிடைக்கும். ஒருபோக நிலத்தை இருபோகமாக்குவதற்கு இது வழிசெய்தது.

1966 இல் அகில இந்திய வானொலி, தேர்ந்தெடுத்த நிலையங்களில் பண்ணை, இல்ல ஒலிபரப்புப் பிரிவுகளைத் தொடங்கியது. திருச்சிராப்பள்ளி நிலையமும் அவற்றுள் ஒன்று. புதிய நெல்லின் நாற்றங்கால், உர அளவு, நடவு இடைவெளி, பூச்சித் தடுப்பு ஆகியவற்றை இப்பிரிவு பருவந்தோறும் எளிய தமிழில் ஒலிபரப்பியது. வேளாண் அலுவலர்களின் பேச்சுடன் புதிய நெல்லைப் பயிரிட்ட உழவர்களின் பட்டறிவும் ஒலிபரப்பாயிற்று. ஏ.டி.டி. 27 மிக விரைவாகப் பரவியது. வானொலியில் கேட்டு அறிந்த நெல் என்பதால் மக்கள் அதனை "ரேடியோ நெல்" என்றே அழைத்தனர். வளர்ச்சித் தொடர்பியல் நூல்களில் வானொலியின் ஆற்றலுக்கு எடுத்துக்காட்டாக இந்நிகழ்வு இன்றும் சுட்டப்படுகின்றது. பிற்காலத்தில் ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற புதிய வகைகள் குறுவையில் இடம்பெற்றன.

பேசியோரும் கேட்டோரும்

ரேடியோ நெல்லின் வெற்றிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. புதிய நெல்லுக்கு உரமும் உறுதியான நீரும் கைமுதலும் தேவைப்பட்டன. இவற்றைத் திரட்ட இயன்ற நிலவுடைமையாளர் மிகுந்த பயன் பெற்றனர். சிறு குத்தகைதாரர்கள் கடன்பெற்றே பயிரிட வேண்டியிருந்தது. நிலமற்ற தொழிலாளருக்கு இருபோகச் சாகுபடியால் வேலைநாட்கள் கூடின. ஆனால் பெருகிய விளைச்சலில் தம் பங்கு என்ன என்னும் கேள்வியும் எழுந்தது. பிரான்சின் பிராங்கல் 1971 இல் வெளியிட்ட பசுமைப் புரட்சி பற்றிய நூலில், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்றாகும். பொருளாதார வளர்ச்சியும் சமூகப் பிணக்கும் ஒரே காலத்தில் பெருகியமை அந்நூலின் முதன்மையான கருத்து.

கூலி உயர்வு தொடர்பான பிணக்கு கிழக்குத் தஞ்சையில் கடுமையாக இருந்தது. 1968 திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசை ஒன்றினுள் தஞ்சம் புகுந்த தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் தீக்கிரையாக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். 1969 இல் தமிழ்நாடு வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது.

வேளாண் ஒலிபரப்பின் இயல்பை இங்கு கருதுதல் வேண்டும். அதன் கேட்போராகக் கொள்ளப்பட்டவர் பயிர் பற்றி முடிவெடுக்கும் உழவர். நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்துக் கரையேற்றும் தொழிலாளர் முடிவெடுப்பவராகக் கொள்ளப்படவில்லை. எவ்வளவு உரம் இடுவது என்பது ஒலிபரப்பின் பொருளாயிற்று. எத்தனை மரக்கால் கூலி பெறுவது என்பது பொருளாகவில்லை. பொது வானொலிப் பெட்டி பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பில் இருந்தது. ஊரும் சேரியும் பிரிந்திருந்த இடங்களில் பெட்டி இருந்த இடமும், அது இயங்கிய நேரமும் யார் கேட்கலாம் என்பதை ஓரளவு தீர்மானித்தன. மாலை வேளையில் சமையல் வேலையிலிருந்த பெண்கள் கூடிக் கேட்பதும் எளிதாக இருக்கவில்லை.

நிலமற்றோரின் கோரிக்கைகள் வேறு வழிகளில் வெளிப்பட்டன. தொழிற்சங்கக் கூட்டம், ஊர்வலம், நடைப்பயணம், தெருக்கூத்து, பாட்டு ஆகியவை அவர்களது ஊடகங்களாக அமைந்தன. கிருட்டிணம்மாள் செகந்நாதனும் அவரது கணவர் சங்கரலிங்கம் செகந்நாதனும் 1981 இல் லாப்டி எனப்படும் உழுவோர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினர். நில உடைமையாளருடன் பேச்சு நடத்தியும் கடன்வசதி பெற்றும் ஆயிரக்கணக்கான தலித் பெண்களின் பெயரில் நிலங்களைப் பதிவு செய்ய இவ்வியக்கம் உதவியது. இவ்விணையர்க்கு 2008 இல் மாற்று நோபல் பரிசு என அழைக்கப்படும் ரைட் லைவ்லிகுட் விருது வழங்கப்பட்டது. 1990களில் தமிழ்நாட்டில் நடைபெற்ற அறிவொளி இயக்கமும் பாடல்களையும் வீதி நாடகங்களையும் கொண்டு சிற்றூர் மக்களைப் பேசவும் எழுதவும் செய்தது.

பிற நாடுகளில்

பொலிவியாவின் சுரங்கத் தொழிலாளர்கள் 1940களின் இறுதியிலிருந்து தம் சங்கங்களின் சந்தாவைக் கொண்டு வானொலி நிலையங்களை நடத்தினர். ஆப்பிரிக்காவில் கென்யாவின் ஓமா பே என்னுமிடத்தில் 1982 இல் யுனெசுக்கோவின் துணையுடன் குறைந்த செலவிலான பண்பலைப் பரப்பி அமைக்கப்பட்டது. இந்நிலையத்தை அந்நாட்டு அரசு 1984 இல் மூடியது. நிறவெறி ஆட்சியின் முடிவை ஒட்டித் தென்னாப்பிரிக்காவில் 1993 இல் இயற்றப்பட்ட சட்டம் சமூக வானொலியைத் தனிப்பிரிவாக ஏற்றது. கானா நாட்டின் கடற்கரைப் பகுதியில் 1998 இல் தொடங்கிய ரேடியோ அடா, தங்மே மொழி பேசும் மீனவர், உழவர், சிறு வணிகப் பெண்கள் ஆகியோரின் பங்கேற்புடன் இயங்கும் நிலையமாக அறியப்படுகின்றது.

வடிநிலத்திற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு இலங்கையில் உள்ளது. மகாவலி ஆற்றுத் திட்டத்தில் குடியேற்றப்பட்ட உழவர்களுக்காக 1981 இல் மகாவலி சமூக வானொலி தொடங்கப்பட்டது. தயாரிப்பாளர் குழு குடியேற்றச் சிற்றூர்களில் நாட்கணக்கில் தங்கி, அங்குள்ளோரையே பேச வைத்து நிகழ்ச்சிகளைத் தயாரித்தது. 1989 இல் கொத்மலையில் இதன் வழிவந்த நிலையம் ஒன்று அமைந்தது. ஆயினும் இவை அரசு ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் உடைமையாகவே இருந்தன.

இந்தியாவில் சட்டமும் கொள்கையும்

இந்தியாவில் நெடுங்காலம் ஒலிபரப்பு அரசின் தனியுரிமையாக இருந்தது. 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், வங்காளத் துடுப்பாட்டச் சங்க வழக்கில் வானலைகள் பொதுச்சொத்து எனத் தீர்ப்பளித்தது. சமூக வானொலிக்கான கோரிக்கைக்கு இத்தீர்ப்பு அடிப்படையாயிற்று. 2002 திசம்பரில் கல்வி நிறுவனங்கள் சிறு வானொலி நிலையம் நடத்த ஒப்புதல் வழங்கப்பட்டது. இதன்படி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை 2004 பிப்ரவரி 1 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி இதுவே.

தொண்டு நிறுவனங்களுக்கு அப்போது உரிமம் வழங்கப்படவில்லை. அதனால் கருநாடகத்தின் பூதிக்கோட்டையில் நம்ம த்வனி குழுவினர் நிகழ்ச்சிகளைக் கம்பிவடம் வழியே வீடுகளுக்கு அளித்தனர். வேறு சில குழுக்கள் பதிவு நாடாக்களைச் சிற்றூர்களில் ஒலிக்கச் செய்தன. 2006 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கொள்கை தொண்டு நிறுவனங்களுக்கும் வழிதிறந்தது. இதன் கீழ் இன்றைய தெலங்காணாவின் மாச்னூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலி 2008 அக்டோபர் 15 அன்று தொடங்கியது.

கொள்கையின் முதன்மையான விதிகள் பின்வருமாறு:

* விண்ணப்பிக்கும் தொண்டு நிறுவனம் குறைந்தது மூன்றாண்டுகள் அப்பகுதியில் பணியாற்றியிருத்தல் வேண்டும்.
* பரப்பியின் பயனுறு கதிர்வீச்சு ஆற்றல் பொதுவாக 100 வாட்டுக்கு மேற்படலாகாது. அலைக்கம்பத்தின் உயரம் 30 மீட்டரைத் தாண்டலாகாது.
* நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி, வட்டார மக்களின் பங்கேற்புடன் தயாரிக்கப்படல் வேண்டும்.
* ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளின் பதிவுகள் மூன்று மாதங்கள் பாதுகாக்கப்படல் வேண்டும்.
* செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்பலாகாது. வானிலை, பேரிடர், தேர்வு, வேலைவாய்ப்பு, போக்குவரத்து போன்ற தகவல்களுக்குத் தடையில்லை.

ஆழிப்பேரலையும் தகவல் தேவையும்

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் மிகுந்த இழப்பிற்குள்ளான மாவட்டம் இதுவே. கடற்கரைச் சிற்றூர்களுக்கு எச்சரிக்கை எதுவும் முன்கூட்டியே கிடைக்கவில்லை.

இதற்கு விலக்காக அமைந்தது புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூர். எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை நடத்தி வந்தது. கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு இம்மையங்களின் ஒலிபெருக்கிகள் வழியே மீனவருக்கு நாள்தோறும் கூறப்பட்டது. ஆழிப்பேரலை நாளன்று சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினர். வீடுகள் அழிந்தபோதும் அவ்வூரில் உயிரிழப்பு ஏற்படவில்லை. அன்றாடம் பயன்பட்டு வந்த கருவியாக அது இருந்தமையால், அதன் அறிவிப்பை மக்கள் உடனே நம்பினர். இதே நிறுவனமும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இணைந்து 2004 அக்டோபரில் தமிழ்நாட்டில் தொடங்கிய செயற்கைக்கோள் வழி ஊரக வள மையங்களுள் ஒன்று தஞ்சாவூர் மாவட்டத் திருவையாற்றில் அமைந்தது.

ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிவாரணம் பற்றிய தகவல் சமமாகச் சென்றடையவில்லை. படகும் வலையும் இழந்த மீனவரின் இழப்பு வெளிப்படையாகத் தெரிந்தது. உவர்நீர் புகுந்த வயல்களில் வேலை இழந்த உழவுத் தொழிலாளரின் இழப்பு எளிதில் கணக்கில் வரவில்லை. எந்த அலுவலகத்தில், எந்த ஆவணத்துடன், எந்த நாளில் விண்ணப்பிப்பது என்னும் செய்தியே வாழ்வாதாரத்தைத் தீர்மானிப்பதாயிற்று.

வடிநிலத்து நிலையங்கள்

களஞ்சியம் சமூக வானொலி: நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளையால் அமைக்கப்பட்டது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட இவ்வறக்கட்டளை, களஞ்சியம் என்னும் பெயரில் மகளிர் தன்னுதவிக் குழுக்களை ஒருங்கிணைத்து வருவது. ஆழிப்பேரலைக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பணியின் தொடர்ச்சியாக, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் இந்நிலையம் உருவாயிற்று. பேரிடர் ஆயத்தம், கடற்கரை உழவு, மீன்பிடித் தொழில், மகளிர் சேமிப்பு ஆகியவை இதன் நிகழ்ச்சிகளில் முதன்மை பெற்றன. இதன் அலைவரிசை 90.8 மெகா எர்ட்சு ஆகும்.

பெரியார் சமுதாய வானொலி: தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் பெரியார் மணியம்மை உயர்கல்வி நிறுவனத்தால் 90.4 மெகா எர்ட்சு அலைவரிசையில் தொடங்கப்பட்டது. நிறுவனத்தைச் சூழ்ந்த சிற்றூர்களின் மக்களும் மாணவர்களும் நிகழ்ச்சிகளில் பங்கேற்றனர்.

ஓலி கிராசு சமூக வானொலி: திருச்சிராப்பள்ளியில் ஓலி கிராசு மகளிர் கல்லூரியால் தொடங்கப்பட்டது. நகரின் குடிசைப்பகுதிப் பெண்களை நோக்கியும் இதன் நிகழ்ச்சிகள் அமைந்தன.

வடிநிலத்திற்குத் தெற்கே பாம்பனில் 2016 இல் மீனவர்க்கெனத் தொடங்கப்பட்ட கடல் ஓசை வானொலியும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

இயங்கும் முறை

100 வாட்டுப் பரப்பியின் ஒலிபரப்பு ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர் வரை கேட்கும். மலையோ குன்றோ இல்லாத வடிநிலச் சமவெளி பண்பலைக்கு ஏற்றது. ஒலிப்பதிவு அறை, கணினி, கலப்புக் கருவி, பரப்பி, அலைக்கம்பம் ஆகியவை நிலையத்தின் அடிப்படைக் கருவிகள். ஊதியம் பெறும் பணியாளர் சிலரே. நிகழ்ச்சிகளின் பெரும்பகுதி தன்னார்வலர்களால் தயாரிக்கப்படும். கையடக்க ஒலிப்பதிவுக் கருவியுடன் வயலுக்கும் கடற்கரைக்கும் குடியிருப்புக்கும் சென்று பதிவு செய்வது வழக்கம். எழுத்தறிவு இல்லாத ஒருவரும் நிகழ்ச்சி நடத்த இயலும் என்பது இவ்வூடகத்தின் சிறப்பு.

நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி முதலிய வாய்மொழி வழக்குகள் இதில் எளிதாக இடம்பெறுகின்றன. இவை பெரும்பாலும் உழவுத் தொழிலாளப் பெண்களின் நினைவில் வாழ்பவை. நடவு இயந்திரத்தின் வரவால் வயலில் நடவுப்பாட்டு ஒலிக்கும் வாய்ப்புக் குறைந்துவிட்டது. எனவே இப்பதிவுகளுக்கு ஆவண மதிப்பும் உண்டு.

நலப்பணிகளுடன் தொடர்பு

சமூக வானொலியின் பயன் பெரிதும் அன்றாட நலத்திட்டங்களுடன் இணைந்தது. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது முதற்கட்ட மாவட்டங்களுள் நாகப்பட்டினமும் இருந்தது. வேலை கோரும் முறை, கூலி அளவு, அட்டை பெறும் வழி ஆகியவற்றை அறியாதவர் அத்திட்டத்தின் பயனைப் பெறுவது அரிதாக இருந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத அளவு குறித்த விதி, முதியோர் உதவித்தொகை, குடிமனைப் பட்டா, மகளிர் குழுக் கடன், தடுப்பூசி நாள் போன்றவையும் இத்தகையனவே. நாளிதழில் இவை சுருங்கிய செய்தியாக வரும். வானொலியில் பக்கத்து ஊரில் பயன்பெற்ற ஒருவரே அலுவலகம் சென்ற முறையைத் தம் பேச்சுவழக்கில் விளக்குவார். கேட்பவர் தம் ஐயத்தைத் தொலைபேசியில் கேட்கவும் வழியுண்டு.

அலுவலர் ஒருவர் நிலையத்திற்கு வந்து நேயர் கேள்விகளுக்கு விடை கூறும்போது, அவர் கூறியது ஊர் முழுவதும் கேட்ட சொல்லாகிவிடுகின்றது. அலுவலகத்தில் தனியே சென்று கேட்கத் தயங்குவோருக்கு இது பயனளிக்கின்றது. ரேடியோ நெல் காலத்து ஒலிபரப்பிலிருந்து இது வேறுபடும் இடமும் இதுவே. அங்கு செய்தி நிலையத்திலிருந்து வயலுக்குச் சென்றது. இங்கு கேள்வி வயலிலிருந்து நிலையத்திற்கு வருகின்றது.

விமர்சனங்களும் இடர்ப்பாடுகளும்

* செய்தித் தடை: கூலிப் பிணக்கு, சாதி வன்முறை, காவிரி நீர்ப் பங்கீடு ஆகியவை வடிநில மக்களின் வாழ்வை நேரடியாகப் பாதிப்பவை. செய்தியும் நடப்பு நிகழ்வும் விலக்கப்பட்டுள்ளமையால் இவற்றைப் பற்றி விரிவாகப் பேச நிலையங்கள் தயங்குகின்றன. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி மறு ஒலிபரப்புச் செய்யப் பின்னர் இசைவு அளிக்கப்பட்டது.
* நிதி: விளம்பரத்திற்கு முதலில் மணிக்கு 5 நிமிடங்களே இசைவு இருந்தது. 2024 பிப்ரவரியில் வெளியிடப்பட்ட திருத்திய வழிகாட்டுதலில் இது 12 நிமிடங்களாக உயர்த்தப்பட்டது. உரிமக் காலமும் பத்தாண்டுகளாக்கப்பட்டது. எனினும் ஊரக வணிகத்தின் விளம்பர ஆற்றல் குறைவு. வெளிநிதி முடிந்தபின் நிலையத்தைத் தொடர்வது கடினமாகின்றது.
* உடைமை: உரிமம் நிறுவனத்தின் பெயரிலேயே வழங்கப்படுகின்றது. மக்கள் மேலாண்மைக் குழுவில் இடம்பெற்றாலும் இறுதி முடிவு நிறுவனத்தினுடையதாகவே அமையலாம். கல்லூரி வளாகத்தில் அமைந்த நிலையம் மாணவர் பயிற்சிக் கூடமாகச் சுருங்கும் வாய்ப்பும் உண்டு.
* ஊரினுள் ஏற்றத்தாழ்வு: நிலையம் ஊரின் எப்பகுதியில் அமைகின்றது, எச்சாதியினர் தயக்கமின்றி அதனுள் வருகின்றனர் என்பன முதன்மையான கேள்விகள். 1960களின் பொது வானொலிப் பெட்டிக்கு இருந்த சிக்கல் வேறு வடிவில் இங்கும் தொடர்கின்றது.

அண்மைக் காலம்

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்திற்கு அருகே கரையைக் கடந்த கசா புயல் வடிநிலத்தில் பெரும் அழிவை ஏற்படுத்தியது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன. பல ஊர்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் நாட்கணக்கில் இல்லை. மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டி இத்தகைய வேளைகளில் இன்றும் பயன்படக்கூடியது. அதற்குப் பரப்பியும் புயலைத் தாங்கி, மாற்று மின்வசதியுடன் இருத்தல் வேண்டும்.

திறன்பேசியின் பரவலால் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் தொகை குறைந்துள்ளது. சமூக வானொலிகள் தம் நிகழ்ச்சிகளை இணையத்திலும் செயலிகளிலும் வெளியிடத் தொடங்கியுள்ளன. புலம்பெயர்ந்து வெளிநாடுகளில் உழைக்கும் வடிநிலத்தாரும் இவற்றைக் கேட்க இயலும். இந்தியாவில் இயங்கும் சமூக வானொலிகளின் எண்ணிக்கை 2025 வாக்கில் 500ஐக் கடந்தது. கல்வி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றுடன் வேளாண் அறிவியல் நிலையங்களும் இவற்றை நடத்துகின்றன. வடிநிலத்தின் பரப்பையும் மக்கள்தொகையையும் நோக்க, அங்குள்ள நிலையங்கள் மிகச் சிலவே. குறிப்பாக, நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைச் சிற்றூர்களில் பல, எந்தச் சமூக வானொலியின் எல்லைக்குள்ளும் வரவில்லை.